தண்டோரா போடாமல் வைத்த மருந்து

கண்ணு, நீ கோடு போட்ட தாளில் வரைந்து அனுப்பிய தோட்டத்துப் படம் கிடைத்தது. கச்சிராயபாளையத்தில் நீங்கள் கட்டிய வீட்டுக்குப் பின்னால் இவ்வளவு இடம் கிடக்கிறது என்பதைக் குடிபுகுந்த அன்று நான் சரியாகப் பார்க்கவில்லை. பந்தி கவனிக்கவே நேரம் போய்விட்டது. கட்டம் கட்டமாகக் கீரை, தக்காளி, வெண்டை என்று எழுதி, மூலையில் கோழி மாதிரி ஒன்றை வரைந்து, கோழியும் இஷ்டத்துக்குத் திரியணும், தோட்டமும் நல்லா வரணும், ரெண்டும் நடக்குமாப்பா என்று கேட்டிருக்கிறாய். நடக்கும். அதற்கு வழி இருக்கிறது, கீழே எழுதுகிறேன். ஆனால் தாளின் அடியில் வேறு பேனாவால் இன்னொரு வரி எழுதியிருக்கிறாய். பக்கத்து வீட்டுக் கோழிகளும் வருகின்றன, உங்கள் கடையில் அதற்கு ஏதாவது மருந்து இருந்தால் மாப்பிள்ளை வரும்போது கொடுத்து அனுப்புங்கள் என்று. அந்த ஒரு வரிக்காகத்தான் போன் பண்ணாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் நடுவில் நீ "சரிப்பா, சரிப்பா" என்பாய். நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். நிறுத்தக் கூடாத விஷயம் இது.

முதலில் தோட்டம். நீ போட்ட படத்தில் பெரிய தப்பு, எல்லாவற்றையும் ஒரே நாளில் நட நினைப்பது. கோழிக்குச் செடி மேல் கோபம் இல்லை. அது தேடுவது புதிதாகக் கிளறிய, ஈரமான மண்ணை. புழு அங்கேதான் இருக்கும் என்று அதற்குத் தெரியும். நீ பாத்தி கட்டித் தண்ணீர் விட்ட அரை மணி நேரத்தில் அது உனக்கு விருந்தாளியாக வந்து நிற்கும். ஆகவே வேர் பிடித்தால் கோழியால் அசைக்க முடியாத மரங்களை முதலில் வை. முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி, அகத்தி, துணி துவைக்கிற தண்ணீர் ஓடுகிற பக்கம் இரண்டு வாழை. ஒவ்வொன்றின் அடியைச் சுற்றியும் உள்ளங்கை அளவு கற்களை நெருக்கிப் பதித்துவிடு. கல் இருந்தால் கால் போட்டுக் கிளற முடியாது, ஈரமும் நிற்கும். இந்த மரங்கள் ஆள் உயரம் வருகிற வரைக்கும் வேறு எதுவும் வேண்டாம். நீ பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் காட்டுகிற பொறுமையில் பாதியைக் காட்டினால் போதும்.

பிறகு பந்தல். புடலை, பாகல், அவரை, பீர்க்கு எல்லாம் மேலே ஏறிவிடும். கீழே கோழிக்கு நிழல். விதை ஊன்றின இடத்தில் அடி உடைந்த பழைய பானையைக் கவிழ்த்து, அதற்குள்ளிருந்து கொடியை வெளியே விடு. கொடி பந்தலைத் தொட்ட பிறகும் பானையை எடுக்காதே. கீரைக்கும் நாற்றுக்கும் தக்காளிக்கும் மட்டும் வலை கட்டு. ஐந்தடி உயரம் போதும். ஆனால் மேலே மூங்கிலோ கம்பியோ வைத்து இழுத்துக் கட்டாதே. கோழி நேராகத் தாண்டாது, முதலில் உட்கார ஒரு விளிம்பைப் பார்க்கும். வலையின் மேல் ஓரம் தொளதொளவென்று ஆடினால் அதற்கு எங்கே உட்காருவது என்று தெரியாமல் திரும்பிவிடும். அப்படியும் தாண்டுகிற ஒன்று இருக்கும், எல்லாக் கூட்டத்திலும் இருக்கும். அதற்கு ஒரு பக்கச் சிறகின் இறகு நுனியை மட்டும் நறுக்கு. இரண்டையும் நறுக்கினால் பறக்கப் பழகிக்கொள்ளும், ஒன்றை நறுக்கினால் சாய்ந்து விழும். மூலையில் நிழலாகப் பார்த்துச் சாம்பலும் மணலும் கொட்டி வை, அதில் புரண்டு பேன் உதிர்த்துக்கொள்ளும். நீ அந்த இடத்தைக் கொடுக்காவிட்டால் உன் வெண்டைப் பாத்தியை அது எடுத்துக்கொள்ளும். காலையில் திறந்துவிடாதே, நாலு மணிக்குத் திற. வெளிச்சம் இருக்கிற இரண்டு மணி நேரத்தில் பூச்சியைப் பொறுக்கிவிட்டுத் தானாகவே அடைய வந்துவிடும். அறுத்து முடித்த பாத்திக்குள் மட்டும் நாள் முழுக்க விடு, களையையும் புழுவையும் உனக்காகத் தீர்த்து வைக்கும். கோழி எருவைப் பச்சையாகப் போடாதே. குழியில் நாலு மாசம் மக்க வைத்துப் போடு, இல்லாவிட்டால் செடி கருகும்.

இவ்வளவும் எனக்கு எங்கிருந்து தெரியும் என்று நீ நினைக்கலாம். கோழி தெரியும். சைக்கிளில் கூடை கட்டிக்கொண்டு களமருதூர் வரைக்கும் போய் ஊர் ஊராகக் கோழியும் முட்டையும் வாங்கி, தியாகதுருகம் சந்தையில் விற்றுத்தான் என் பிழைப்பு ஆரம்பித்தது. ஒரு கோழியைக் கையில் தூக்கினால் அது நாளைக்கு முட்டை வைக்குமா, நாளைக்குச் சாகுமா என்று சொல்வேன். ஆனால் மேலே எழுதியதில் பாதி நான் கண்டுபிடித்ததில்லை. மலை மேல் ஒருவருடைய தோட்டத்தில் போன மாசம் பார்த்தது. பானையும் ஆடுகிற வலையும் அவருடையவை. அவர் யார் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நீ அப்போது இரண்டாம் வகுப்பு. ரிஷிவந்தியம் பக்கம் நம் ஊரில் நான் இப்போதும் இருக்கிற இதே வீட்டில்தான் இருந்தோம். நான் சைக்கிள் வியாபாரத்தை விட்டுவிட்டு வீட்டுத் தோட்டத்திலேயே மிளகாய் நாற்றும் கத்திரி நாற்றும் விட்டு விற்க ஆரம்பித்திருந்த நேரம். தெருவை ஒட்டி உரமும் பூச்சிமருந்தும் விற்கிற ஒரு சின்னக் கடையும் போட்டிருந்தேன். இட ஒதுக்கீடு கேட்டு நம் ஜில்லாவில் மறியல் நடந்த வருஷங்கள் அவை. புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, சந்தை இல்லை. கேட்டதில் தப்பில்லை, நானும் கூட்டத்தோடு போய் ரோட்டில் உட்கார்ந்தவன்தான். பிற்பாடு உனக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்ததும் அப்படிக் கேட்டதால்தான், அதை மறுத்தால் என் நாக்கு அழுகும். ஆனால் அந்த நாட்களில் நம் தெருக்காரர்களுக்கும் காலனிக்காரர்களுக்கும் நடுவில் பேச்சே நின்றுபோயிருந்தது. அங்கே கூரை எரிந்தது, இங்கே ஆளை அடித்தார்கள் என்று தினம் ஒரு சேதி வந்தது. அவர்கள் நம் தெருவுக்கு வரவில்லை. நம்மில் யாராவது காலனிப் பக்கம் போனால் திரும்பி வரும்போது நாலு பேர் நின்று விசாரித்தார்கள்.

நம் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது, உனக்கு ஞாபகம் இருக்குமோ என்னவோ. விதை விட்ட இடத்தில் கோழித் தொல்லை தாங்காவிட்டால் கேழ்வரகில் மருந்து கலந்து வைப்பார்கள். ஆனால் சும்மா வைக்க முடியாது. முதல் நாள் சாயங்காலம் காலனியிலிருந்து கொளஞ்சி வந்து எல்லாத் தெருவிலும் தண்டோரா போட வேண்டும். இன்னார் தோட்டத்துல நாளைக்கி மருந்து வெக்கறாங்க, கோழிய கூடையில போட்டு மூடிக்குங்க என்று அவர் சொல்லிக்கொண்டு போவார். அப்படிச் சொல்லிவிட்டு வைத்தால், செத்த கோழிக்குக் கோழிக்காரர்தான் பொறுப்பு. சொல்லாமல் வைத்தால் மருந்து வைத்தவன் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒரு தெரு விட்டுப்போனாலும் அது சொன்னதாக ஆகாது. கொளஞ்சி என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அப்போது நான் அவரை வாடா போடா என்றுதான் கூப்பிடுவேன். இப்போது எழுதும்போது அவர் இவர் என்று வருகிறது, அது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

மறியல் தொடங்கி நாலாம் நாள் என்று நினைக்கிறேன். விற்க வேண்டிய நாற்றெல்லாம் பாத்தியிலேயே முற்றிக்கொண்டிருந்தது. அடுத்ததற்காகப் புதிதாக விட்ட விதையைக் கோழிகள் கிளறித் தள்ளிவிட்டன. முள் வெட்டிப் போட்டிருக்கலாம், ஆனால் அரிவாள் பிடிக்கத் தெரிந்த ஆளெல்லாம் ரோட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கடையில் மருந்து இருந்தது. புதுக்கடை, புது டப்பா. கொளஞ்சியிடம் சொல்ல வேண்டுமென்றால் காலனிக்குப் போக வேண்டும். போனால் என்ன பேசுவார்களோ என்று பயம் ஒரு பங்கு. மீதி மூன்று பங்கு அவசரம்தான், பயத்தின் மேல் முழுப் பழியும் போட மாட்டேன். என் வேலிக்குள்ளேதானே வைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேழ்வரகைக் கலந்துகொண்டிருந்தபோது உன் அம்மா கேட்டாள், "சொல்லியாச்சா?" என்று. "ஆச்சு" என்றேன். அதுதான் முதல் பொய். மறுநாள் சொன்ன பெரிய பொய்க்கு அங்கேயே வாய் பழகிவிட்டது.

விடிந்ததும் தூவினேன். எட்டு மணிக்கெல்லாம் நம் பின்வீட்டு அஞ்சலையின் கோழிகள் கால் பரப்பிக்கொண்டு சாய ஆரம்பித்தன. அஞ்சலையை உனக்குத் தெரியும், அவள் மடியில் வளர்ந்தவள் நீ. புருஷன் இல்லாதவள். நிலமும் இல்லை, ஆடும் இல்லை. இருந்தது பதினாலு கோழிகள்தான். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், பிள்ளை பெற்ற பிறகு அவளுக்கு ஆக்கிப் போட என்று அந்தக் கோழிகளை அவள் ஒன்றுகூட விற்காமல் வைத்திருந்தாள். என்னிடமே விற்க மாட்டேன் என்று சொன்னவள். கோழி சாய்ந்ததும் அவள் நினைத்தது கழிச்சல் நோய் என்று. நோய் வந்தால் நம்மவர்கள் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும், சாவதற்கு முன்னால் அறுத்துக் குழம்பு வைத்துவிடுவார்கள். அவளும் அதைத்தான் செய்யப் போனாள். கடையும் இல்லை, கறியும் இல்லை, இதையாவது வயிற்றுப் பிள்ளைக்காரிக்குக் கொடுப்போம் என்று வெந்நீர் வைத்துவிட்டாள்.

நீ ஓடி வந்தாய். பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாத்தியைத் தாண்டி ஓடி வந்து, "அஞ்சலை அத்த வூட்ல இன்னிக்கி கறிக்கொழம்பாம்பா, நானும் போறேன்" என்றாய். உனக்கு ஞாபகம் இருக்காது. அந்த ஒரு வாக்கியத்தால் இரண்டு உயிர், வயிற்றில் இருந்ததோடு சேர்த்தால் மூன்று உயிர், நீயும் சேர்ந்தால் நாலு உயிர் பிழைத்தது. நான் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் ஒரு கோழியை உரித்து முடித்திருந்தாள். "ஆக்காத அஞ்சலை, அது மருந்து தின்ன கோழி" என்றேன். அது வரைக்கும் நான் மனிதன்தான். அதை இன்றைக்கும் சொல்லுவேன்.

அவள் என்னைப் பார்த்து, "இன்னா மருந்து? ஆரு வெச்சது?" என்றாள். நான்தான் என்றேன். "தண்டோரா கேக்கலியே" என்றாள். சத்தம் போடவில்லை, கணக்குத் தப்பிப்போன மாதிரி சாதாரணமாகக் கேட்டாள். அதற்குள் தெரு கூடிவிட்டது. ரோட்டில் மரம் வெட்டிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த நாலைந்து பேர் வந்தார்கள். அவர்களில் முன்னால் நின்றவர் உன் மாமனார். அப்போது சம்பந்தி இல்லை, மேலத் தெருவில் ஒரு முன்கோபக்காரர், நல்ல மனிதர். "சொல்லிட்டுத்தான வெச்ச?" என்று என்னைக் கேட்டார். அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள். நான் சொன்னேன், "ஆளு உட்டுச் சொல்லி அனுப்பனேன். கொளஞ்சிதான் அடிக்கல."

கண்ணு, வேறு எந்த வாரத்தில் நான் இதைச் சொல்லியிருந்தாலும் கொளஞ்சியைக் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டியிருப்பார்கள், அதோடு போயிருக்கும். அந்த வாரத்தில் சொன்னேன். வேண்டுமென்றே அடிக்கவில்லை, நம்மைக் கருவறுக்கப் பார்க்கிறார்கள் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் அதற்குமேல் சொல்ல, பத்து மணிக்கெல்லாம் அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். தண்டோராத் தப்பட்டையையும் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார், வேலைக்குத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் என் பக்கம் திரும்பினார். கோபமாகப் பேசவில்லை. "எங்கிட்ட ஆரும் வர்லியே மொதலாளி. ஆர அனுப்பனீங்க? பேரச் சொல்லுங்க, கேட்டுக்கலாம்" என்றார்.

என்னிடம் பேர் இல்லை. அந்த நொடியில் உன் மாமனார், எதிர்க் கேள்வி கேக்கறியா என்று அவர் கன்னத்தில் அறைந்தார். அந்த அறை என்னைக் காப்பாற்றியது. அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேரைக் கேட்கவில்லை. தப்பட்டையைப் பிடுங்கிக் குப்பைமேட்டில் எறிந்தார்கள். அந்த வருஷம் தண்டோரா வேலைக்குக் கூலியாகக் களத்தில் அவருக்கு அளக்க வேண்டிய நெல்லை அஞ்சலைக்கு அளக்க வேண்டும் என்று தீர்ப்பு சொன்னார்கள். அவளும் வாங்கிக்கொண்டாள். அவள் மேல் குற்றம் இல்லை, நான் சொன்னதை நம்பினாள். ரோட்டிலிருந்து மரங்களை எடுத்த மறுநாள் கொளஞ்சி, பெண்டாட்டி பச்சையம்மாளையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மலைக்குப் போகிற திசையில் நடந்து போனார். நான் பாத்தியில் களை பறித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் பார்க்க வேண்டியிருக்கும் என்று குனிந்தே இருந்தேன். உனக்கு ஒரு சீட்டு கிடைத்த அதே போராட்டத்தில், அவருக்கு என்னால் ஊரே போயிற்று.

கோழிகளை நம் தோட்டத்துக் கிழக்கு மூலையில் குழி வெட்டிப் புதைத்தேன். உன் அம்மா தன்னுடைய இரண்டு பெட்டைகளையும் அஞ்சலையிடம் கொடுத்துவிட்டு வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சாகிற வரைக்கும் கேட்கவில்லை. அந்த மூலையில் மட்டும் எதுவும் விதைக்க மாட்டாள், நான் ஏன் என்று கேட்கவும் மாட்டேன். இரண்டு பேரும் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு முப்பது வருஷம் குடித்தனம் பண்ணினோம். அந்த மூலையை எந்தக் கோழியும் மிதிப்பதில்லை என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அது பொய். நாலாவது மாசமே கிளற ஆரம்பித்துவிட்டன. கோழிக்கு என்ன தெரியும். நான்தான் கண்ணில் பட்டால் கையைத் தட்டி விரட்டுவேன். இப்போதும் விரட்டுகிறேன். சாயங்காலம் நாலரை, ஐந்து மணி ஆனால் என் காது தெருப் பக்கம் போய்விடும், யாரோ வர வேண்டும் என்கிற மாதிரி. மைக் வைத்து ஊர்ச் சேதி சொல்ல ஆரம்பித்துப் பல வருஷம் ஆகிறது. அப்படியும் அந்த நேரத்தில் என்னால் ஒரு ஆளிடம் முழுதாக நாலு வார்த்தை பேச முடிவதில்லை. கடையில் யார் மருந்து கேட்டாலும் எதற்கு, எங்கே, சொல்லிவிட்டாயா என்று குடைவேன். எங்க மொதலாளி மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி ஜாதகம் கேப்பாரு என்று கடைப் பையன்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும்.

உன்னைப் பெண் கேட்டு மேலத் தெருவிலிருந்து வந்தபோது சொல்லியிருக்க வேண்டும். உன் மாமனார் எதற்காக என் வீட்டுக்கு வந்தார் தெரியுமா? "வாயில வந்தது மாறாத ஆளு நீ, அதான் ஒன் வூட்டுப் பொண்ணு வேணும்னு வந்தேன்" என்று என் எதிரிலேயே சொன்னார். நான் வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டேன். வியாபாரத்தில் நான் ஏமாற்றியவர்கள் இருக்கிறார்கள், சின்னச் சின்ன ஏமாற்று, அதெல்லாம் ராத்தூக்கத்தைக் கெடுத்ததில்லை. இது அப்படியில்லை. உன் மாமனார் ஒரு நிரபராதியை அடித்தோம் என்று தெரியாமலே செத்தார். அடித்தது அவர் கை என்றாலும் அடிக்க வைத்தது நான்.

உன் வீட்டுக்குக் குடிபுகுந்த நாலைந்து நாளில், மரவள்ளிக்கு உரம் வாங்க மலையிலிருந்து வந்த ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். சமவெளியிலிருந்து வந்து தங்கள் பக்கம் குடியேறிய கொளஞ்சி என்று ஒரு பெரியவர் இருக்கிறார், அவர் வீட்டுத் தோட்டம் மாதிரி எங்கும் பார்க்க முடியாது என்றார். மறுநாளே வெள்ளிமலை பஸ் ஏறினேன். இறங்கி ஒரு மைல் நடந்திருப்பேன். வீடு சின்னது. சுற்றிலும் இருபது கோழிகள் திரிகின்றன, நடுவில் அவரை, மிளகாய், பூசணி எல்லாம் ஒரு இலை கிழியாமல் நிற்கிறது. அந்த இடத்தில் நின்று அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த காரியத்தை மறந்து வலையின் ஓரத்தை விரலால் ஆட்டிப் பார்த்தேன், வியாபாரி புத்தி. ஒரு கண்ணில் பூ விழுந்த பெரியவர் உள்ளிருந்து வந்தார். நான் பேசினதும் குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். "வாங்க மொதலாளி" என்றார். பச்சையம்மாள் இல்லை, போய் ஆறு வருஷம் ஆகிறதாம். பிள்ளைகள் இரண்டு பேரும் சேலத்தில்.

நின்றபடியே சொன்னேன். யாரையும் அனுப்பவில்லை, பேர் சொல்ல எனக்கு ஒருவரும் இல்லை, பொய் சொன்னேன் என்று. அவர் அவரைக்காயை நார் உரித்துக்கொண்டே கேட்டார், நிறுத்தவில்லை. முடித்ததும், "இத்த எங்கிட்ட வந்து சொல்றீங்களே" என்றார். "எனுக்குத்தான் அன்னிக்கே தெரியுமே. தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க."

அஞ்சலையிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அதற்கு அவர் சிரித்தார். பல் இல்லை, சிரிப்பு சத்தமில்லாமல் வந்தது. "ஒரு ஆளுகிட்ட சொன்னா அது சொன்னதா ஆவுமா? நம்மூரு வழக்கம் ஒங்களுக்குத் தெரியாதா இன்னா? தெருத்தெருவா நின்னு சொல்லணும். காலனியிலயும் சொல்லணுங்க. செய்யற வேலய செய்யாத அப்பன் பெத்ததுங்கன்னு எம்புள்ளைங்கள அங்கயும்தான் பேசிக்கினு இருந்தாங்க." அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கூட வந்து தோட்டத்தைக் காட்டினார். பானையை ஏன் எடுக்கக் கூடாது, வலையை ஏன் இழுத்துக் கட்டக் கூடாது என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். அக்கம்பக்கத்துக் கோழி வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "இன்னா செய்யறது, அதுவும் ரெண்டு புழு தின்னுட்டுப் போவுது. கோழிக்காரங்க வூட்டுக்குப் போயி நாலு மணிக்கி மேல உடுங்கன்னு சொன்னேன். உடுறாங்க" என்றார். அவ்வளவுதான். நீ கேட்ட கேள்விக்கு அவருடைய பதிலே என் பதில். மருந்து அனுப்ப மாட்டேன். பக்கத்து வீட்டம்மாவிடம் போய் உட்கார்ந்து பேசு. கீரை வந்தால் முதல் கட்டை அவளுக்குக் கொடு.

இறங்கி வந்து மூன்று வாரம் ஆகிறது. தைரியம் வருவதற்காகக் காத்திருந்தேன் என்று நினைக்காதே. உன்னிடம் சொல்லாமல் தெருவில் சொல்லக் கூடாது என்றுதான் காத்திருந்தேன். கடைக்கு அடி விழும். எழுபதை நெருங்கும் நேரத்தில் கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். அதெல்லாம் என் கணக்கு. ஆனால் நான் வாயைத் திறந்தால் உன் மாமனார் பேரும் கூடவே வரும். அவர் என்னை நம்பித்தான் அடித்தார் என்று ஒவ்வொரு தெருவிலும் சொல்லுவேன், அப்படிச் சொன்னாலும் அடித்தார் என்பதுதான் காதில் விழும். உன் மாமியார் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார். அதனால் இந்தக் கடிதத்தை இன்றைக்கே மாப்பிள்ளையிடம் படிக்கக் கொடு. தன் அப்பாவைப் பற்றி அவர் முதல் தடவை தெருவில் நின்று கேட்கும்படி ஆகக் கூடாது. மன்னித்துவிடச் சொல்லி அவரிடம் பரிந்து பேசாதே. படித்துவிட்டு என்ன நினைக்கிறாரோ நினைக்கட்டும். இதை வேறு யாருக்குக் காட்ட நினைத்தாலும் காட்டு, மறைக்கிற காகிதம் இல்லை இது.

வருகிற வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் காலனியில் ஆரம்பிக்கிறேன். அங்கேயிருந்து அஞ்சலை இருக்கிற தெரு. அவளுக்குக் காது மந்தம், பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும், அங்கே நேரமாகும். பிறகு கீழத் தெரு, கோயில் தெரு. உன் மாமியாருடைய மேலத் தெரு கடைசி. அன்றைக்கு நீ ஊருக்கு வராதே என்று எழுதத்தான் இந்தப் பத்தியை ஆரம்பித்தேன். எழுத மனம் வரவில்லை, உனக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படிச் செய். வந்தால் நீ நிற்கப் போவது உன் மாமியார் வாசலில்தான், என் பக்கத்தில் இல்லை, அதுதான் முறையும்கூட. நான் வருகிறேன் என்று தெரிந்ததும் அவர்கள் கதவைச் சாத்தப் பார்க்கலாம். நீ அதைப் பிடித்துக்கொள். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டு நில், கண்ணு. அதற்கப்புறம் சாத்தட்டும்.